மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுயசான்று முறையில் உடனடியாகக் கட்டட அனுமதி வழங்கும் திட்டத்தைப் பாராட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த அனுமதியை வாங்கி வீடு கட்டியவள் நான். கட்டுரையின் பாராட்டில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு என் ஆட்சேபத்தைச் சொல்லவே இந்தக் கடிதம்.

2024 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஆகியவற்றைப் பதிவேற்றி, விதிப்படி கட்டுவதாகத் தாமே சான்று அளித்தால் போதும். அனுமதி வந்துவிடும். முன்கூட்டிக் கள ஆய்வு கிடையாது, பரிசீலனைக் கட்டணம் கிடையாது, கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் கேட்பதில்லை.

இதன் அருமை எனக்குத் தெரியும். 1986-இல் என் தகப்பனார் இரண்டு அறை வீட்டுக்கு அனுமதி கேட்டு ஐந்து மாதம் நடந்தார். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அனுமதி அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. அரசு என்னிடம் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டது. அந்தக் கையெழுத்தோடு வீட்டின் முழுப் பொறுப்பும் என் தலைக்கு வந்தது. அதைச் சுமக்கத் தேவையான அறிவில் ஒரு துளியைக்கூட எனக்கு யாரும் தரவில்லை. ஒரு நாள் வகுப்பு இல்லை, ஒரு சிறு கையேடு இல்லை, அனுமதிக் கடிதத்தின் பின்பக்கத்தில் பத்து வரிகூட இல்லை.

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. மதுரைக்கு வெளியே, ஓய்வூதியப் பணப்பலனையும் ஒரு வங்கிக் கடனையும் சேர்த்து வீடு கட்டினேன். பொருள் என்னுடையது, கூலி சதுர அடிக் கணக்கில் மேஸ்திரிக்கு. நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் எழும்புகின்றன. சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் வாங்கிப் போட்டு, காலையும் மாலையும் வந்து நின்று பார்க்கிற வீட்டுக்காரர்தான் அந்த வேலையின் மேலாளர். அந்தப் பெயரை அவருக்கு யாரும் வைக்கவில்லை, அவ்வளவே. வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளர் பூமி பூஜையன்று வந்தார். அதன்பிறகு தொலைபேசியில்தான்.

கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாளைச் சொல்கிறேன். கலவை மெஷினில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டேன். "தண்ணி இருந்தாத்தாம்மா கலவை எல்லா மூலைக்கும் ஓடும்" என்றார் மேஸ்திரி. அனுபவசாலி சொல்கிறார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், சித்தாள் வேலைக்கு வந்திருந்த பெண் ஒருவர் கை கழுவ வந்தவர், தணிந்த குரலில் சொன்னார்: "டீச்சரம்மா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீக. தண்ணி கூடிப்போச்சு. எங்க வீட்டுக்குன்னா இப்பிடி ஊத்த விடமாட்டேன்."

அவர் சொன்னது சரி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, எம்-20 தரக் கலவையை வழக்கமான விகிதத்தில் கலக்கும்போது 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது என்கிறது. தண்ணீர் கூடினால் கலவை இளகி எளிதாகப் பரவும். பின்னால் அந்த அதிகத் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளையாக நின்று, கம்பிவரை ஈரத்தை விடும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இரும்பு துருப்பிடிக்கும் வினையைக் கரும்பலகையில் எழுதியவள் நான். அந்த 30 லிட்டர் எனக்குத் தெரியாது. தரநிலை எண்ணே அப்போது தெரியாது.

இன்னொன்றும் தெரியாது. தளத்தின் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைத்து, குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடும்படி செய்ய வேண்டும். என் வீட்டில் ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். ஆட்கள் மேலே நடந்ததில் அவை நகர்ந்து, பல இடங்களில் கம்பி சென்ட்ரிங் தகட்டிலேயே படுத்துவிட்டது. வீட்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாத தொகை இந்தக் கவர் பிளாக். கேட்டிருந்தால் அன்றே வாங்கிக் கொடுத்திருப்பேன். கேட்க வேண்டும் என்பதே தெரியாதபோது எப்படிக் கேட்பது?

ஆறாம் நாள், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்தார்கள். சென்ட்ரிங் தகடு வேறொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். என் ஹாலின் அகலம் 16 அடி. நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்று அதே தரநிலை சொல்கிறது. கலப்புச் சிமெண்ட் என்றால் அதற்கும் கூடுதலாக. ஹால் தளம் நடுவில் தொய்ந்தது. அடுத்த ஐப்பசி மழையில் நீர் இறங்கி, பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. இப்போது நடுவே ஓர் இரும்பு உத்தரம் கொடுத்துத் தாங்க வைத்திருக்கிறோம். கொத்திப் பூசியதற்கும் உத்தரத்துக்கும் 1,80,000 ரூபாய் ஆனது. அதற்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

மேஸ்திரியை மட்டும் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வயதில் சட்டி தூக்க வந்து, முன்னால் இருந்தவர் செய்ததைப் பார்த்துக் கற்றவர் அவர். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் கொத்தனார்களுக்கு 45 நாள் பயிற்சி உண்டு. அத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரை எங்கள் பக்கத்தில் நான் தேடியும் காணவில்லை. அப்படிப் பயின்ற கொத்தனாரே வந்தாலும், செலவைச் சுருக்கு, நாளைச் சுருக்கு என்று அவசரப்படுத்துகிறவர் வீட்டுக்காரர்தான். ஆகவே வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் தங்கை மகன் சிட்னியில் இருக்கிறான். வீட்டின் பின்புறம் அறைகள் சேர்க்க அவனே வேலையை ஏற்று நடத்தினான். அங்கே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஒருவர் தம் வீட்டு வேலையைத் தாமே நடத்துவதானால் 10,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு அதற்கென உள்ள உரிமத்தை வாங்க வேண்டும். 20,000 டாலரைத் தாண்டினால் ஒப்பந்தம், காப்பீடு, தொழிலாளர் பாதுகாப்பு முதலியவற்றைக் கற்பிக்கும் ஒரு பயிற்சியை முடித்தால்தான் உரிமம். அந்த உரிமமும் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒன்றுதான். எனக்குப் பொறாமை வந்தது அதனாலல்ல. கம்பி கட்டிய கான்கிரீட் எதையும் ஊற்றுமுன், சான்றளிக்கும் அதிகாரி நேரில் வந்து பார்த்தாக வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. ஊற்றுமுன் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஊற்றியபின் யார் வந்து என்ன பார்க்க முடியும்?

அது பணக்கார நாடு என்று சிலர் சொல்லக்கூடும். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தில் மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அரசு பணத்தைத் தவணையாகக் கொடுத்தது. ஒவ்வொரு நிலையையும் பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை. நம் நாட்டில் நடக்காத காரியம் அல்ல இது.

நம் மாநிலத்தில் செய்யக் கடினமாகவும் எனக்குத் தோன்றவில்லை. பாலிடெக்னிக்குகள் பலவற்றில் கட்டடப் பொறியியல் பிரிவு இருக்கிறது. சனிக்கிழமை அரை நாள், அனுமதி வாங்கியவர்களைக் கூப்பிட்டுக் கவர் பிளாக் எது, கலவை எப்படி இருக்க வேண்டும், கம்பியின் கொக்கி எப்படி வளைய வேண்டும் என்று கையில் கொடுத்துக் காட்டலாம். படங்களோடு ஒரு தமிழ்க் கையேட்டை அனுமதிக் கடிதத்தோடு இணைக்கலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் எளிய மனிதருக்காகத் தம் கையாலேயே படம் வரைந்து இத்தகைய கையேடுகளை வெளியிட்டிருக்கிறார். பிறகு மூன்று வருகைகள்: கடைக்கால் கான்கிரீட்டுக்கு முன், கூரைக் கான்கிரீட்டுக்கு முன், முட்டைப் பிரிப்பதற்கு முன். வருகிறவர் நாமே தேர்ந்தெடுக்கும் பதிவுபெற்ற பொறியாளராக இருக்கட்டும். கட்டணத்தை அரசு நிர்ணயிக்கட்டும். எடுத்த படங்கள் அதே இணையதளத்தில் ஏறட்டும். மறுபடியும் ஒரு கை நீளும் இடம் உண்டாகிவிடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் வருகைக்காக அனுமதியை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறேன். அனுமதி இன்று போலவே உடனே வரட்டும்.

எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது, கடனைக் கட்டிவிடுவேன். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. அந்த வீட்டின் தளம் கெட்டுப்போனால் இரண்டாவது முறை போட அந்தக் குடும்பத்திடம் என்ன இருக்கும்? அங்கே வேலை நடக்க நடக்கப் பார்த்துத்தான் பணம் விடுவிக்கிறார்கள். பார்க்கப் போகிறவர் கையில் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கொடுத்தால் போதும்: கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, முட்டு எந்தத் தேதி வரை நிற்கும்?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் தண்ணீரைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்தத் திட்டத்தில் வீடு கிடைத்திருக்கிறது. சுவர் எழும்பி, தளத்துக்குக் கம்பி கட்டத் தயாராகிவிட்டது. சென்ற வாரம் வீட்டுக்கு வந்து, "முட்டு எத்தன நாள் நிக்கணும், டீச்சரம்மா? ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்டார். பத்து அடி அகல அறை என்பதால் குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்ட் என்றால் கூடுதலாக, தண்ணீர் கட்டுவது பத்து நாளுக்குக் குறையாமல், மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி தன் பேச்சைக் கேட்க மாட்டார் என்று பயப்படுகிறார். தளம் போடும் அன்று காலை ஆறு மணிக்கு நானும் அங்கே போய் நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை,
மதுரை மாவட்டம்.