துண்டு போட்டாலும் ஸீட் இல்லை!

நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் ஸீட் உங்களுடையது. கர்ச்சீப்கூடச் செல்லும். எவ்வளவு பெரிய மீசைக்காரராக இருந்தாலும் 'ஆள் வருது' என்றால் முனகிக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் விமான டிக்கெட்டுக்கு இந்த மரியாதை கிடையாது ஸார்!

உதாரணத்துக்கு, 180 ஸீட் உள்ள விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 185 டிக்கெட் விற்பார்கள். எப்படியும் அஞ்சு பேர் வரமாட்டார்கள் என்பது கம்ப்யூட்டர் ஜோசியம். கத்தரிக்காய் என்றால் மிஞ்சியதைச் சாயங்காலம் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். கிளம்பிப்போன விமானத்தின் காலி ஸீட்டை யாருக்கு விற்பது? அதனால் இந்த ஏற்பாடு. பல நாடுகளில் சட்டமும் இதற்கு 'சரி' சொல்கிறது. ஜோசியம் பொய்த்து எல்லோரும் வந்து நின்றால்தான் வம்பு.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். சரக்கு கொடுப்பதற்கு முன்னால் வாங்கிய பணம் வருமானம் இல்லை. பாலன்ஸ் ஷீட்டில் லயபிலிட்டி பக்கம் உட்கார வேண்டும். விமானக் கம்பெனியும் அப்படித்தான் எழுதுகிறது. ஆக, உங்களைக் கொண்டுபோய் இறக்கும்வரை கம்பெனி கடன் வாங்கியவர், நீங்கள் கடன் கொடுத்தவர். கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரைத் தரதரவென்று இழுத்த கதை தெரியுமா?

2017, ஏப்ரல் 9. ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவிலிருந்து லூயிவில் போகும் யுனைட்டெட் எக்ஸ்பிரஸ் 3411. எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அப்போது கம்பெனியின் சொந்த ஊழியர்கள் நாலு பேருக்கு இடம் தேவைப்பட்டது. மறுநாள் லூயிவில்லில் அவர்களுக்கு டியூட்டி. இறங்குகிறவர்களுக்கு 400 டாலர் கூப்பன் என்றார்கள். 800 என்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. நாலு பேரைக் கம்பெனியே பொறுக்கியது. மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். நாலாமவர் 69 வயது டாக்டர். "காலையில் பேஷண்டுகளைப் பார்க்கணும், முடியாது" என்றார். விமான நிலையப் பாதுகாப்பு ஆட்கள் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். மூக்கு உடைந்தது, முன்பற்கள் இரண்டு போயின என்றார் அவருடைய வக்கீல்.

கல்யாணப் பந்தியில் இலை போட்டு, சாம்பார் ஊற்றியபிறகு, "எழுந்திருங்க, பரிமாறுகிறவர் சாப்பிடணும்" என்று கையைப் பிடித்து இழுத்தால் எப்படியிருக்கும்? அதேதான். இத்தனைக்கும் சிகாகோவிலிருந்து லூயிவில்லுக்குக் காரில் போனால் அஞ்சு மணி நேரம்!

சக பயணிகள் எடுத்த வீடியோவை உலகமே பார்த்தது. கம்பெனித் தலைவர் ஆஸ்கர் முனோஸ் முதலில் விட்ட அறிக்கையில், பயணிகளை 'வேறு ஏற்பாட்டுக்கு மாற்றியதற்கு' வருத்தம் தெரிவித்தார். மூக்கை உடைத்ததற்கு இப்படியொரு நாகரிகமான பெயர்! மக்கள் கொதித்தபிறகுதான் ஒழுங்கான மன்னிப்பு வந்தது. அந்த மாதமே டாக்டரோடு சமாதானம், தொகை ரகசியம். இனி இறங்குகிறவர்களுக்கு 10,000 டாலர்வரை தருவோம் என்றும் அறிவித்தார்கள். 800-ல் நின்றுபோன கை எவ்வளவு தாராளமாகிவிட்டது பாருங்கள்!

வேடிக்கை என்னவென்றால் இந்த நோய்க்கு மருந்து எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. 1968-லேயே ஜூலியன் சைமன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், 'ஏலம் விடுங்கள். யார் குறைந்த தொகைக்கு இறங்கத் தயாரோ அவருக்குப் பணத்தைக் கொடுங்கள்' என்றார். கம்பெனிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1972-ல் ரால்ஃப் நேடரை ஒரு விமானத்தில் ஏற்றாமல் விட்டார்கள். அமெரிக்கக் கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் அவர்! கேஸ் சுப்ரீம் கோர்ட்வரை போனது. 1978-ல், முதலில் மனமுவந்து இறங்குகிறவர்களைத் தேடணும் என்று அமெரிக்காவில் விதி வந்தது. ஆக, சிகாகோவில் ஏலத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் போதும்.

டாக்டரின் மூக்கு வீணாகவில்லை. டிக்கெட்டைச் சரிபார்த்து உள்ளே ஏற்றிய பயணியை ஸீட் பற்றாக்குறையைக் காட்டி இறக்கக்கூடாது என்று 2021-ல் அமெரிக்க அரசு விதி போட்டது. நம் நாட்டிலும் டி.ஜி.சி.ஏ. 2016-ல் கொண்டுவந்த விதி இருக்கிறது. கன்ஃபர்ம்டு டிக்கெட்டோடு நேரத்துக்குப் போயும் ஏற்றவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தரவில்லை என்றால் நஷ்டஈடு. 24 மணி நேரத்துக்குள் மாற்று கிடைத்தால் 10,000 ரூபாய்வரை, அதற்கும் மேலே போனால் 20,000 ரூபாய்வரை.

ஆகவே, கவுண்டரில் யாராவது சிரித்துக்கொண்டே "ஸார், அடுத்த ஃப்ளைட்டில்..." என்று ஆரம்பித்தால் நீங்களும் சிரியுங்கள். ஆனால் 'பரவாயில்லை' என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது இனாம். "எவ்வளவு?" என்று கேளுங்கள்.

துண்டுக்குக் கிடைக்கிற மரியாதை டிக்கெட்டுக்கும் கிடைக்கட்டுமே!