இரைச்சலுக்குப் பழகிய செவிகள்



சரவணம்பட்டியில் உள்ள நம் ஜெபவீட்டின் மலிவான மிக்ஸர் ஆம்ப்ளிஃபையர் இரண்டு ஆண்டுகளாக முனகுகிறது. அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்கிறீர்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கடந்த வாரம், இத்தொழில் அறிந்த சகோதரர் ஒருவர் அதை என் வீட்டு மேசையில் வைத்துத் திறந்தார். மைக் வயர்களைக் கழற்றி, ஒலியளவையும் முற்றிலும் குறைத்தார். முனகல் நிற்கவில்லை. ஆகவே கோளாறு பவர் சப்ளையில் என்றார். அங்கே மின்னோட்டத்தைச் சீராக்கும் இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகுமாம். தூசி படாதிருக்க நாம் பக்தியோடு போர்த்திய வெல்வெட் துணியே காற்றுத் துளைகளை அடைத்திருந்தது! (பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அறியாதவர்கள் தொட வேண்டாம்.) புதியது வாங்கினாலும் அதே துணியைத்தானே போர்த்துவோம்?

2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். யோவாசின் நாட்களில் ஆலயத்திற்கென்று பணம் வந்தும், அவனது 23-ஆம் வருஷம் வரை ஆசாரியர்கள் பழுதுபார்க்கவில்லை. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. முனகல் கேளாதபடி உரக்கப் பாடச் சொன்னவன் நானே. பின்வரிசையில் அமரும் முதிய தாய்மார்களுக்கு வசனம் கேட்கிறதா என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை.

கெப்பாசிட்டர்களை மாற்றியாயிற்று, துணியை எடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்வரிசைக்கு நானே வந்து கேட்பேன். தாய்மார்களே, தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.