இணையச் செயல்பாடு: மவுஸ் யார் கையில்?

அரசுப் பள்ளியில் படிக்கும் தம்பியோ தங்கையோ பக்கத்தில் இருந்தால், அவர்களுடைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பாடம் முடியும் இடத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் இருக்கும். படி 1, படி 2 என்று சில வரிகள், ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா என்ற இலவசக் கணித மென்பொருளின் பக்கம் திறக்கும். அதில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுக்கலாம். எண்ணை மாற்றினால் கோடு சாய்வதைப் பார்க்கலாம். 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களோடு இந்தக் கட்டமும் நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இத நீ செஞ்சு பாத்திருக்கியா?"

மாலைநேர மையத்துக்கு வரும் பிள்ளைகளிடம் நாங்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். "அது பரீட்சைக்கு வராதுக்கா, சார் விட்டுட்டாரு" என்பார்கள் பலர். "சார் புரொஜெக்டர்ல போட்டுக் காட்டுனாரு" என்பார்கள் சிலர். "நான் செஞ்சேன்" என்று சொல்லும் பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். காட்டினார்கள் என்பதற்கும் செய்தேன் என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நம் வாதம்.

இணையவழிக் கல்வி என்றாலே நம் இயக்கங்களில் ஒரு கசப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2020 ஜூனில் கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய நாளிலேயே ஒரு தலித் மாணவியை நாம் இழந்தோம். அவர் வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏறத்தாழ 1,400 வீடுகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 சதவீதம். அதுவும் குறைவுதான், ஆனால் நம்மைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த இரண்டு ஆண்டுகள் நம் தெருக்களில் எத்தனை பேரைப் பள்ளியிலிருந்து செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் கல்யாண மேடைக்கும் அனுப்பின என்பது நாம் கண்ணால் பார்த்தது.

ஆனால் இன்றைய நிலைமை 2020 அல்ல. 2023ஆம் ஆண்டுக்கான அசர் அறிக்கை, 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொல்கிறது. நம் தெருவிலும் வந்துவிட்டது. அதை யார் வைத்திருக்கிறார்கள், அதில் என்ன நடக்கிறது என்பதே இன்றைய கேள்வி. போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருக்கும் பையன்கள் 43.7 சதவீதம், பெண்பிள்ளைகள் 19.8 சதவீதம் என்கிறது அதே அறிக்கை. அண்ணன் கையில் இருக்கும் போன் இரவு ஒன்பது மணிக்கு மேல் கால் மணி நேரம் தங்கைக்குக் கிடைக்கும். அந்தக் கால் மணி நேரத்திலும் அவள் வீட்டுப்பாடத்தின் படத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறாள். படிப்புக்காகப் போன் பார்க்கிறாள் என்று நாமும் திருப்தி அடைந்துவிடுகிறோம். அவள் பார்க்கத்தான் செய்கிறாள். தானாக எதையும் செய்து பார்க்க அவளுக்கு இன்னும் வாய்ப்பு வரவில்லை.

நம் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் என்ற பெயரில் இதுவரை வந்தவை பெரும்பாலும் பார்க்கும் பொருட்கள்தாம். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பாட வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. 2023இல் மணற்கேணி செயலி அசைவூட்டப் பாடங்களோடு வந்தது. எல்லாம் பயனுள்ளவை, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு, பார்த்துக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்திரு என்பது நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் காலம் காலமாகச் சொல்லிவந்த விதி.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். சாத்தாராவில் தனிச் சாக்குத்துணியில் உட்கார்ந்தார். குழாயைத் தானே தொட முடியாது, பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த ஒன்றைத் தனஞ்செய் கீர் தன் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் அலறி ஓடி அவற்றை அகற்றினார்கள். வகுப்பில் உட்கார அவருக்கு அனுமதி இருந்தது, பாடம் கேட்கவும் தடையில்லை. கலவரம் வந்தது அவர் எழுந்து போய்ப் பலகையைத் தொடப்போன போதுதான். கேட்பதற்கு இடம் கொடுத்துச் செய்வதற்கு இடம் மறுப்பது பள்ளிக்கூடத் தீண்டாமையின் பழைய வடிவம்.

அதன் இன்றைய வடிவம் ஆய்வகத்தில் தெரியும். இயற்பியல் செய்முறையில் மின்கலத்தையும் அம்மீட்டரையும் இணைப்பவர் ஒருவர், சுற்றி நின்று அளவீட்டைப் பார்த்து எழுதுபவர் ஐந்து பேர். "உடைச்சா காசு யார் கட்டுவா?" என்ற ஒரு வார்த்தை போதும், நம் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். கழிவறை கழுவவும் மேசை துடைக்கவும் மட்டும் அந்தக் கை முதலில் கூப்பிடப்படும் பள்ளிகள் இன்றும் செய்தியில் வருகின்றன.

கணினியில் செய்து பார்க்கும் கல்விச் செயல்பாடுகளுக்கு நாம் முக்கியத்துவம் தருவது இதனால்தான். ஓர் உதாரணம் சொல்கிறோம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' என்ற திட்டம், அறிவியல், கணிதப் பாடங்களுக்கான உருவகப்படுத்தல்களை இலவசமாகத் தருகிறது. சில தமிழிலும் இருக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். அதில் மின்சுற்று அமைக்கும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம் நடக்கும்போது அதைத் திறந்து கொடுங்கள். பேட்டரி, கம்பி, பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்து வைத்துத் தானே இணைக்கலாம். இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் வைத்து ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்க இணைப்பில் வைத்துக் கழற்றினால் அணையாது. ஏன் என்று பிள்ளைகளே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். பல்பு இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேராக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் அதை வேண்டுமென்றே பத்துமுறை செய்வார்கள். செய்யட்டும். எதுவும் உடையாது, யாரும் திட்டமாட்டார்கள், அப்பா பெயரைக் கேட்கமாட்டார்கள். தவறு செய்து பார்த்துக் கற்கும் உரிமை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மையிலேயே கிடைத்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அதை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

சில தோழர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பு, ஆய்வகம் கட்டு என்று கேட்க வேண்டிய நேரத்தில் மென்பொருளைப் பற்றிப் பேசுவது அரசுக்குத் தப்பிக்க வழி கொடுப்பதாகாதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. திரையில் எரியும் பல்பு உண்மையான பல்புக்கு மாற்று அல்ல. புரியாத இடத்தில் கேள்வி கேட்டு இழுத்துச் செல்லும் ஆசிரியருக்கு எந்தச் செயலியும் மாற்று அல்ல. ஆசிரியரைக் குறைக்க யாராவது இந்தக் கருவியைக் காரணம் காட்டினால் அவர்களை எதிர்த்து நாமே முதலில் நிற்போம். ஆனால் ஆய்வகம் கட்டி முடியும்வரை நம் பிள்ளை காத்திருந்தால் அவளுடைய பத்தாம் வகுப்பு போய்விடும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

கருவி வந்துவிட்டாலே சமத்துவம் வந்துவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். வகுப்பின் பழைய வரிசை அப்படியே அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்தது. கணினி ஆய்வகத்துக்கும் அது பொருந்த வேண்டும். எங்கள் மையத்தில் உள்ள விதி எளிமையானது: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறும், கையில் மவுஸ் இல்லாதவர் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சத்தம் போடும் பையன்களுக்கு முதலில் இது பிடிக்காது. மூன்றாவது வாரத்தில், வாயே திறக்காத பிள்ளை "அண்ணா, அந்தக் கம்பிய இங்க மாத்துங்க" என்று சொல்லும்.

வினாடி வினா விளையாட்டுகளில் இன்னும் கவனம் தேவை. போனில் பதிலைத் தட்டும் முறையில் ஒரு நல்லது உண்டு. கையைத் தூக்கி எல்லோர் முன்னும் எழுந்து நிற்கத் தயங்கும் பிள்ளையும் பதில் சொல்லும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பெயரோடு மதிப்பெண் பட்டியலைத் திரையில் போட்டால், கடைசியில் நிற்கும் பெயரை வகுப்பே பார்த்துச் சிரிக்கும். புனைபெயர் வைக்க விடுங்கள், குழுவாக விளையாட விடுங்கள், பட்டியலை அணைத்துவிடுங்கள்.

தகவல் திருட்டும் ஒரு பிரச்சினை. கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது, பிள்ளைகளின் தகவலைக் கையாண்ட விதம் அவர்களுடைய உரிமைகளுக்கு ஆபத்தானது என்றது. பிள்ளைகளின் இணைய நடவடிக்கையைப் பின்தொடர்வதற்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் தடை சொல்கிறது. சாதிச் சான்றிதழ் எண்ணையும் அப்பாவின் தொழிலையும் கேட்கும் எந்தச் செயலியையும் கேள்வி கேட்காமல் நிரப்ப வேண்டாம்.

இன்னொரு செயல்பாட்டையும் செய்து பார்க்கச் சொல்கிறோம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம். உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். ஊர்த்தெருவும் கோவிலும் இருக்கும், நம் குடியிருப்பு இருக்கும் இடம் பல ஊர்களில் வெறும் பச்சையாகக் கிடக்கும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்த் தெரு, குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் குறிக்கச் செய்யுங்கள். தனி வீடுகளின் பெயர்களைப் போட வேண்டாம். பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்: தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை மீட்டர், தார் ரோடு எங்கே முடிகிறது? புவியியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்று பாடமும் ஒரே மாலையில் நடந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த இடத்துக்கு என்ன பெயர் என்பதை அங்கே வாழும் பிள்ளைகளே எழுதட்டும்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு மூன்று வேலைகள்.

முதலாவது, உங்கள் ஊர் இரவுப் பாடசாலையில் ஒரு பழைய லேப்டாப் போதும். ஃபெட் உருவகப்படுத்தல்கள் பத்து, ஜியோஜீப்ரா, இரண்டையும் ஏற்றி வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு செயல்பாடு, எல்லோர் கைக்கும் மவுஸ். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் தேவைப்பட்டால் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நம் பெற்றோரை அழைத்துப் போங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறக்கிறது, எந்த வகுப்பு எத்தனை முறை போனது, பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் திறக்க முடியுமா என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மூன்றாவது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்ட விடுதிகளும் நம் பிள்ளைகள் நிறைந்தவை. ஒவ்வொன்றிலும் எத்தனை கணினி வேலை செய்கிறது என்று கணக்கெடுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான நிதியை முறையாகச் செலவழிக்க 2024இல் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் விடுதிக்கு ஓர் ஆய்வகமும், அதை நடத்த ஒரு பயிற்றுநரும் கேட்பது சலுகை அல்ல, சட்டப்படியான பங்கு.

பிள்ளைகளுக்கு எத்தனை டேப்லெட் கொடுத்தார்கள், எத்தனை வீடியோ ஏற்றினார்கள் என்ற கணக்கை அரசு சொல்லிக்கொள்ளட்டும். நம் சேரியின் எத்தனை பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்த்தார்கள் என்ற கணக்கை நாம் எடுப்போம். அடுத்த மாதத்துக்குள் உங்கள் பகுதியின் கணக்கை எங்களுக்கு எழுதுங்கள்.

ஜெய்பீம்.