வைத்தியரை ஓட்டுபவர் யார்?

"எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிற டாக்டர் எவரும் நிலைப்பதில்லை." வன்னியிலே எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும் இம்முறைப்பாடு காதில் விழுகின்றது. தீவகத்திலும் இதே பேச்சுத்தான். முறைப்பாட்டைச் சொல்வோர் தீர்ப்பையும் தாமே வழங்கிவிடுகின்றனர்: டாக்டர்மாருக்குப் பணம் வேண்டும், பட்டினம் வேண்டும், இனப்பற்று அவர்களுக்கு இல்லை! மறுதரப்பைக் கேளாது வழங்கும் தீர்ப்பு எந்த நீதிமன்றிலும் நில்லாது. ஆதலின், எதிரிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கும் அந்த வைத்தியருக்காக இன்று நாம் வழக்குப் பேச முன்வருகின்றோம்.

அவர் கடமை பார்க்கும் இடத்தை முதலிற் பாருங்கள். 50 கட்டில்களுக்கும் குறைந்த ஒரு பிரதேச வைத்தியசாலை. காலையில் வெளிநோயாளர் வரிசை, அது முடிந்தால் வாட்டு. இரவு பத்து மணிக்கு, வயலிலே புடையன் தீண்டிய கமக்காரர் ஒருவரை உறவினர் தூக்கி வருகின்றனர். விஷமுறிவு மருந்தை ஏற்றினால் அம்மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கு உலை வைத்தல் கூடும். ஏற்றாது விட்டால் விஷம் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? வழியிலே மூச்சு அடங்கினால் யார் பொறுப்பு? பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆன ஓர் இளைஞர், அல்லது ஓர் இளம் பெண், இந்த முடிவைத் தன்னந்தனியே எடுக்க வேண்டியிருக்கின்றது. அந்நேரத்தில் ஆலோசனை கேட்கக்கூடிய நிபுணர் இன்னாரென்று முறைப்படி குறித்துக் கொடுத்திருக்க வேண்டாமா? பல்கலைக்கழக நட்பின் பேரில் யாராவது ஒருவரின் தொலைபேசி இலக்கம் கையில் இருந்தால் அவர் பிழைத்தார், கமக்காரரும் பிழைத்தார். உயிர் காக்கும் ஏற்பாடு நட்பையா நம்பியிருப்பது?

விடிந்ததும் அதே மனிதர், உறங்காத கண்களோடு, மீண்டும் வெளிநோயாளர் வரிசையின் முன் அமர்கின்றார். இந்நாட்டிலே 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அது வரம்பு கட்டியிருக்கின்றது. மருந்துக்கடையிலே குளிசையை எண்ணிக் கொடுக்கும் பையனுக்குச் சட்டம் காவல் நிற்கின்றது. அக்குளிசையை எழுதிக் கொடுக்கும் அரசாங்க வைத்தியருக்கு அக்காவல் இல்லை! மேலதிக நேரத்துக்குப் பணம் கொடுக்கின்றோமே என்பர் அமைச்சினர். பணம் உறக்கமாகுமா? பதில் கடமைக்கு ஒருவரை அனுப்புங்கள் என்பதே எமது கேள்வி.

அவர் குடியிருக்கும் விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுகும் கூரையை ஊரார் அறிவர். நெடுந்தீவில் கடமை ஏற்பவரோ கடல் கடந்தே தம் பிள்ளையின் முகத்தைக் காணவேண்டும்.

ஆனால் வீட்டையும் உறக்கத்தையும் விடக் கொடிய குறை ஒன்றுண்டு. அதைப் பேசுவார் இல்லை. அவருடைய குரல் மேலே போகின்றது, மறுமொழி கீழே வருவதில்லை. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம், குறித்த நோய்களை அறிவிக்கும் கடமையை வைத்தியரின் தலையிற் சுமத்தியிருக்கின்றது. சந்தேகம் தோன்றிய அளவிலேயே அவர் படிவம் நிரப்பி அனுப்புகின்றார். நன்று. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தபோது, காய்ச்சலோடு வந்த கமக்காரரை முதலிற் கண்டிருக்கக் கூடியவர்கள் இத்தகைய சிறு வைத்தியசாலைகளின் வைத்தியர்களே. அத்தகையவர் அனுப்பும் நோயாளிக்கு என்ன நோய் என்று நிச்சயிக்கப்பட்டது, என்ன சிகிச்சை பலித்தது என்பதைத் திருப்பி அறிவிக்குமாறு எச்சட்டம் எவரைக் கட்டுப்படுத்துகின்றது? போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிய நோயாளி சுகமடைந்தாரா, இறந்தாரா என்பதைச் சந்தையிலே கேட்டு அறிகின்ற வைத்தியரும் உளர். தம் கைவேலையின் விளைவை அறியாத ஒருவருக்குத் தொழிலிற் பற்று எங்ஙனம் வளரும்?

மொழியின் கதை இன்னொன்று. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ் என்று 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தம் எழுதி வைத்திருக்கின்றது. எழுதியது எழுதியபடி இருக்கச் சிங்களச் சுற்றறிக்கைகள் வந்துகொண்டேயிருந்தன. தமிழ் அறியாத தென்னிலங்கை இளைஞர்களை, ஒரு மாத மொழிப் பயிற்சிதானும் இன்றி, எம் கிழவிகளின் நெஞ்சு வலியைக் கேட்க அனுப்புகின்றனர். அவ்விளைஞர்மீது எமக்குக் கோபமில்லை, அவர்களும் வதைபடுகின்றனர். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயிலே பணியாற்றிய சாமுவேல் பிஷ் கிறீன் தமிழ் கற்றார். தமிழிலேயே மருத்துவம் போதித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் செய்ததைக் கொழும்பிலிருந்து வருபவர் செய்ய முடியாதா? முடியும். கற்பிக்க அமைச்சுக்கு மனமில்லை.

எம் தொழிலினரையும் விட்டுவைக்க முடியாது. காயப்பட்டவரைப் பரிசோதித்து அறிக்கை எழுதிய வைத்தியர், இடமாற்றம் பெற்று ஆண்டுகள் சென்றபின்னும் அழைப்பாணை பெற்று நீதிமன்றுக்கு வருகின்றார். பகல் முழுவதும் விறாந்தையில் நின்றபின் வழக்குத் தவணை போடப்படுகின்றது. அன்று அவருடைய ஆஸ்பத்திரியில் எத்தனை தாய்மார் காத்திருந்தனர் என்று கேட்ட சட்டத்தரணி யார்? அறிக்கையிலே சர்ச்சை இல்லையென்றால் இருதரப்பும் முன்னரே ஒப்புக்கொண்டு அவரை விடுவித்தல் எளிது. அதற்கு வேண்டியது சட்டத்தரணிகளின் சிறிது கரிசனை மாத்திரமே.

2024 ஜூலையிலே சாவகச்சேரி வைத்தியசாலையை முன்னிட்டு மக்கள் வீதிக்கு வந்தனர். சரி பிழை யார் பக்கம் என்று இங்கே தீர்க்க நாம் முயலவில்லை. வைத்தியரும் ஊராரும் ஒரே மேசையில் மாதம் ஒருமுறை மனம் திறந்து பேசும் பழக்கம் இருந்தால் வாயிலிலே கூச்சலிடும் நிலை வருமா என்றே கேட்கின்றோம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்கள் பெயரளவில் இருக்கின்றன. கட்டடத்துக்கு நாடா வெட்டும் நாளிலே பிரமுகர்கள் மாலையோடு தோன்றுகின்றனர். மறுமாதக் கூட்டத்திலே கதிரைகள் மாத்திரம் இருக்கின்றன.

13 ஆம் திருத்தம் 1987 இல் சுகாதாரத்தை மாகாணத்துக்குத் தந்ததாகச் சொன்னது. பிரதேச வைத்தியசாலையின் சுவரும் கூரையும் மாகாணத்துக்குரியவை. உள்ளே இருக்கும் வைத்தியரின் இடமாற்றப் பட்டியலோ கொழும்பிலே எழுதப்படுகின்றது. 2013 இல் நாம் தெரிந்தெடுத்த வடமாகாண சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்ததும், அடுத்த தேர்தலைக் கொழும்பு பின்போட்டது. கூரை ஒழுகினால் ஆளுநரிடமா முறையிடுவது? இடமாற்ற அதிகாரமும் மாகாணத்தின் கைக்கு வரும்வரை இப்போராட்டம் ஓயாது.

அதுவரை கைகட்டி நிற்கவும் முடியாது. கமக்கார அமைப்பினரே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே! அடுத்த குழுக் கூட்டத்திலே நீங்கள் கதிரையை நிரப்புங்கள். இரவில் ஆலோசனை கூறும் நிபுணரின் பெயரும் இலக்கமும் சுவரிலே ஒட்டப்பட வேண்டுமென்று பிராந்தியப் பணிப்பாளருக்கு எழுத்திலே கேளுங்கள். அனுப்பிய நோயாளி ஒவ்வொருவருக்கும் திரும்பும் கடிதம் ஒன்று வேண்டுமென்றும், இரவுக் கடமைக்கு அடுத்த காலையில் பதில் வைத்தியர் வேண்டுமென்றும் கேளுங்கள். பதில் வராவிடில் அக்கடிதத்தின் பிரதியோடு எம்மிடம் வாருங்கள்.