நைக்கி பிறந்தது எங்கே?

நைக்கி கம்பெனியின் கதையை யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ஃபில் நைட் என்ற இளைஞர் கார் டிக்கியில் ஷூக்களைப் போட்டுக்கொண்டு, ஓட்டப்பந்தயம் நடக்கும் மைதானங்களுக்குப் போய் விற்றார். பிறகு உலகின் மிகப் பெரிய விளையாட்டு ஷூ கம்பெனிக்கு முதலாளி ஆனார். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் கைதட்டல் வாங்கித் தரும் கதை. பொய்யும் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த டிக்கியில் இருந்தது யார் செய்த ஷூ?

நைக்கி ஷூ அல்ல. அன்றைக்கு நைக்கி என்ற பெயரே கிடையாது. ஜப்பானில் கோபே நகரத்தில் ஒனிட்சுகா கம்பெனி செய்த 'டைகர்' ஷூக்கள் அவை.

இந்த ஒனிட்சுகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். கிஹாச்சிரோ ஒனிட்சுகா ராணுவத்தில் இருந்தவர். போரில் நொறுங்கிப்போன ஊரில், திக்குத் தெரியாமல் அலைந்த பையன்களை விளையாட்டு நிமிர்த்தும் என்று நம்பி 1949-ல் ஷூ கம்பெனி தொடங்கினார். முதலில் கை வைத்தது கூடைப்பந்து ஷூவில். கூடைப்பந்தில் ஓடுகிற வேகத்தில் சட்டென்று நிற்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்ப வேண்டும். சாதாரண ஷூ வழுக்கியது. ஒரு நாள் சாப்பாட்டில் ஆக்டோபஸ் கால் இருந்தது. அதில் உள்ள உறிஞ்சிகளைப் பார்த்தவர், ஷூவின் அடியிலும் அதே போலக் குழிகள் வைத்தால் என்ன என்று யோசித்தார். வைத்தார், பிடிமானம் கிடைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலா 1961-ல் ஜப்பானுக்கு ஓட வந்தபோது, அவரைப் பேசி சம்மதிக்க வைத்து டைகர் ஷூ மாட்டிவிட்டவரும் இவர்தான்!

ஃபில் நைட்டின் பங்கு என்ன? நியாயமாகச் சொன்னால், கணக்கு. ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்தபோது ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மன் கேமராக்களை ஜப்பான் கேமராக்கள் சந்தையிலிருந்து தள்ளியது போல, ஜெர்மன் ஷூக்களை ஜப்பான் ஷூக்கள் தள்ள முடியுமா என்பதுதான் தலைப்பு. அடிடாஸும் பூமாவும் கோலோச்சிய காலம் அது. ஜப்பானில் அன்று கூலி குறைவு, எனவே முடியும் என்பது அவருடைய விடை. பரீட்சைக்கு எழுதியதை அதோடு மறந்துவிடாமல் 1962-ல் கோபேக்கே போனார். எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். கம்பெனி ஏது? அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்த பெயர் 'புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்'. ஊர் திரும்பியபின், கல்லூரியில் தனக்கு ஓட்டப் பயிற்சி தந்த பில் பவர்மனும் தானும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 1964-ல் அந்தக் கம்பெனியை நிஜமாக்கினார்கள். முதல் ஆர்டர் 300 ஜோடி.

அதன்பின் ஏழு வருடங்கள் இது டைகர் ஷூ விற்கும் ஏஜென்சி மட்டுமே. (நைட் பிழைப்புக்குக் கணக்காளர் வேலையும் பார்த்தார், கல்லூரியில் பாடமும் நடத்தினார்.)

பிரிவு 1971-ல் வந்தது. ஒனிட்சுகா அமெரிக்காவில் வேறு ஏஜென்டுகளைத் தேடியது. புளூ ரிப்பனோ மெக்சிகோவில் சொந்தமாக ஷூ செய்ய ஆரம்பித்தது. யார் முதலில் துரோகம் செய்தது என்பது யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒனிட்சுகா அதிகாரியின் பெட்டியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பார்த்ததை நைட்டே 2016-ல் வந்த தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். வழக்கு 1974-ல் முடிந்தது. சண்டைக்குரிய 'கோர்டெஸ்' ஷூவை இரண்டு பேரும் விற்கலாம், பெயர் மட்டும் நைட்டுக்கு என்று ஆனது. ஒனிட்சுகா தன் ஷூவை 'கோர்செயர்' என்று அழைக்க வேண்டியதாயிற்று. இதைத் திருட்டு என்று சொல்வதும் தவறு. கோர்டெஸை வடிவமைத்தவர் பவர்மன், செய்து கொடுத்தது கோபே. இரண்டு கை சேர்ந்த வேலை.

நைக்கி என்ற பெயரும் நைட் வைத்ததல்ல. அவருக்குப் பிடித்தது 'டைமென்ஷன் சிக்ஸ்'. (நல்லவேளை!) முதல் முழுநேர ஊழியர் ஜெஃப் ஜான்சன் சொன்ன கிரேக்க வெற்றித் தேவதையின் பெயர்தான் நின்றது. லோகோவை வரைந்தவர் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவி கரோலின் டேவிட்சன். எண்ணெய் வண்ணம் வாங்கக் காசில்லை என்று அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்து, மணிக்கு 2 டாலர் பேசி நைட் வேலை கொடுத்தார். லோகோவுக்குக் கிடைத்தது 35 டாலர். 1983-ல் கூப்பிட்டு மோதிரமும் கொஞ்சம் பங்குகளும் கொடுத்தார்கள். கொடுத்தார்களே என்று மெச்சலாம். பன்னிரண்டு வருடம் கழித்து, அதுவும் பரிசாக, என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பவர்மன் தன் மனைவியின் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பர் போன்ற கலவையை ஊற்றி, அச்சைப் பாழாக்கி, புது அடிப்பாகம் கண்டுபிடித்த கதை உலகத்துக்கே தெரியும். ஒனிட்சுகாவின் ஆக்டோபஸும் சாப்பாட்டு மேஜையிலிருந்து வந்ததுதான், அதுவும் இருபது வருடம் முன்னால். அதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? நைட் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம் விற்பதில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவரின் கதை போலச் சொல்லும்போதுதான் கோபேயும் கரோலினும் காணாமல் போகிறார்கள்.

ஸ்டான்ஃபோர்ட் கட்டுரையின் கணக்கு மட்டும் ஓயவில்லை. ஜப்பானில் கூலி ஏறியதும் நைக்கி தைவானுக்கும் தென் கொரியாவுக்கும் போனது. அங்கும் ஏறியதும் இன்னும் தள்ளிப் போனது. இன்று நம் செய்யாறில் தைவான் கம்பெனி ஒன்றின் தொழிற்சாலையில் நைக்கி ஷூ தைக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒனிட்சுகாவும் அழிந்துவிடவில்லை. 1977-ல் வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து பெயர் மாற்றிக்கொண்டது. கடையில் 'ஆசிக்ஸ்' என்ற பெயரைப் பார்த்தால், அது அவர்தான்.