விரிந்த ஒலியா, மெய்யான ஒலியா?

ஹெட்போன் மாட்டாத தலையை நம் வளாகத்தில் பார்ப்பதே இப்போது அரிதாகிவிட்டது. விரிவுரைக்கு நடக்கும்போதும் பேருந்திலும் விடுதிப் படிக்கட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். ஏன், சோறு உண்ணும்போதுகூட! (இதற்கு நல்ல தமிழ்ச்சொல் கேட்டு நண்பர்கள் நால்வரை அணுகினேன், நான்கு சொற்கள் கிடைத்தன. எனவே எல்லாரும் வழங்கும் சொல்லையே எழுதுகிறேன். ஆசிரியர் குழு பொறுத்தருள்க.) நான் காண்பவற்றுள் பெரும்பாலானவை காதை இறுக மூடும் வகை. நானும் முதலாம் ஆண்டில் கல்விக் கடன் பணம் வந்த கையோடு அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். 'பேஸ்' அடித்த அடியில் மண்டை அதிர்ந்தது. ஆனால், மிருதங்கத்தில் தொப்பி மட்டுமே முழங்கியது. வலந்தலையைத் தேட வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டேன்.

அதன் பிறகுதான் திறந்த வகை ஹெட்போனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். செய்தி எளியதுதான். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்க ஒலி காதுக்கு வருகிறது. பின்பக்க ஒலி எங்கே போகும்? மூடிய வகையில் அது கிண்ணத்தின் சுவரில் முட்டித் திரும்புகிறது. பானைக்குள் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள், புரியும். திறந்த வகையில் பின்பக்கம் வெறும் வலைதான், ஒலி வெளியேறிவிடுகிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட எச்.டி. 414 இவ்வகையின் முன்னோடி. அது ஒரு கோடிக்கு மேல் விற்றது என்றால், இது ஏதோ செல்வந்தர் விளையாட்டு அன்று என்பது தெளிவு.

திறந்த வகையை விற்பவர்கள் உடனே சொல்லும் சொல் 'ஒலியரங்கம் விரிவாக இருக்கும்' என்பது. இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு.

சென்ற ஆண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய், கோல்மன் சாலை அடல்பி கட்டடத்தில் உள்ள ஒலிக்கருவிக் கடைகளில் ஒரு நாள் முழுதும் கழித்தேன். (வாங்கும் வசதி இல்லை. கேட்டுப் பார்க்கக் காசா?) ஏ.கே.ஜி. கே702இல் வயலின் இடப்புறம் வெகுதூரம் விலகி நின்றது. மிருதங்கம் வலப்புறம் ஒதுங்கியது. அரங்கம் விரிந்தது, உண்மை. ஆனால், பாடகரும் நாலடி பின்னால் போய்விட்டார்! பேயர்டைனமிக் டிடி 990இல் 'ச'கரம் எல்லாம் ஊசியாய்க் குத்தியது. 1997இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 600இல் அரங்கம் சிறியது. கச்சேரி ஒரு வீட்டுக் கூடத்தில் நடப்பது போலிருந்தது. எனினும் குரல் குரலாக இருந்தது. பாடகர் மூச்சிழுப்பது, தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றன்மேல் ஒன்று படர்வது எல்லாம் எதிரில் உட்கார்ந்து கேட்டது போலவே கேட்டன. அதன் மின்தடை 300 ஓம். கைப்பேசியில் செருகினால் ஒலி சோர்ந்துவிடும். தனியே ஒலிபெருக்கி வேண்டும். ஆகவே எனக்கு எட்டாக்கனி. கடைசியில் பிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 ஒன்றை, 32 ஓம் உடையதை, பழையதாக வாங்கினேன்.

விரிவைவிட மெய்யொலியே முதன்மை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், நாம் கேட்கும் பாட்டு. இடம் வலம் எனப் பிரிக்கும் ஸ்டீரியோ முறையில் ஒலிப்பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் எனச் சொல்லப்படுபவை, இளையராஜா இசையமைத்து 1978 டிசம்பரில் வெளிவந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படமான கதை அது என்பதில் நமக்கு ஒரு தனிப்பெருமை! அதற்கு முந்தைய தமிழ்த் திரைப்பாடல்கள், அதாவது நம் தாத்தா பாட்டி காலத்துப் பாடல்கள், ஒற்றைத்தட ஒலி. இரு காதுக்கும் ஒரே ஒலி போவதால் டி.எம். சௌந்தரராஜன் நம் தலையின் நட்டநடுவில்தான் நிற்பார். எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொட்டினாலும் அவர் ஓரடி நகரமாட்டார். அங்கே நமக்கு வேண்டியது அவருடைய குரலின் கனம் குறையாமல் வருவது. அதை விட்டுவிட்டு அரங்கத்தின் அகலத்தை அளந்துகொண்டிருப்பானேன்?

குறைகளையும் மறைப்பதற்கில்லை. திறந்த வகை உள்ளே இருப்பதை ஊருக்கே சொல்லும். இரவு பன்னிரண்டு மணிக்கு நான் கேட்ட நாதஸ்வரத்தை என் அறைத்தோழனும் கேட்டான், விருப்பமின்றி. வெளியொலியும் உள்ளே வரும். பேருந்தில் இதைப் போட்டுக்கொண்டு இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டினால் காது கெடும். வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. பயணத்திற்கு மூடிய வகையே நல்லது. இதில் எனக்கு வாதமில்லை.

காதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அப்பா பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் 24 ஆண்டுகள் இயந்திரத்தின் அருகே நின்றவர். நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு விதி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை இடங்கொடுத்தது. 2019 ஜூன் முதல் நடப்பிலுள்ள விதி அதை 85ஆகக் குறைத்தது. ஐந்துதானே என்று எண்ண வேண்டாம். ஒலியாற்றலில் அது மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. அப்பாவின் பணிக்காலத்தில் பெரும்பகுதி பழைய விதியின்கீழ் கழிந்தது.

விடுமுறையில் மாசாய் வீட்டுக்குப் போனபோது, பிலிப்ஸை அப்பாவின் தலையில் மாட்டி நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். தவிலுக்கு விரல் ஆடியது. சிறிது நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு ஐயா. தாளம் போடுற ஆளு வரலியா?" என்றார்.

தாளம் வலப்புறம் கணீரென்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இரைச்சலால் வரும் செவிக்குறை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கும் என்று படித்திருக்கிறேன். தாளத்தின் கணீர் அந்தப் பக்கந்தான். எந்த ஹெட்போனாலும் அதைத் திருப்பித் தர இயலாது. "போடுறாங்கப்பா, மெதுவா" என்று சொல்லி வைத்தேன்.

இருந்தும் அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. காரணம், ஒலியரங்கமும் அன்று, மெய்யொலியும் அன்று. முன்பு தம்பியின் மூடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அம்மா கூப்பிடுவது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. அதனாலேயே வீட்டில் சண்டை வரும். இப்போது அடுக்களையிலிருந்து "என்னாங்க" என்றால் பாட்டுக்கு நடுவிலேயே "வரேன்" என்கிறார். நான் விடுதிக்குத் திரும்பியபோது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த தவணைக் கடன் பணம் வரும்வரை மடிக்கணினியின் சொந்த ஒலிதான் எனக்கு. அறைத்தோழனுக்குத்தான் கொண்டாட்டம் இல்லை.