புது மவுஸும் பழைய கையும்

தீபாவளிக்குக் காரைக்குடி வந்த பேரன், தன் கேமிங் மவுஸை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பத்து வருஷமாக ஒரே மவுஸில் பழகிய கை இது. புதியதைத் தொட்டதுமே அம்புக்குறி திரையின் மறுகோடிக்குப் பாய்ந்தது. ஒரு வரியைத் திருத்தப் போய் ஒரு பத்தியே அழிந்தது. "வயசாச்சு, கை நடுங்குது" என்றார் மனைவி. நானும் நம்பிவிட்டேன். இனி எழுதவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

போனில் பேரன் சொன்னான்: "ஐயா, டிபிஐயைக் குறைங்க." மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளிகளாகக் கணக்கிடும் என்பதுதான் டிபிஐ. அது 3200-ல் இருந்தது. சக்கரத்துக்குக் கீழுள்ள பொத்தானை அழுத்தி 800-க்கு இறக்கினேன். அம்பு அடங்கியது. மிச்சத்தைக் கை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது.

காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிற கைக்கு என்ன குறை? கருவியின் வேகத்தை நம் வயதின் குற்றமாக எடுத்துக்கொள்கிறோம். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை மேடையில் காட்டியபோது, பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அது புதுசுதான். பேரனும் புது பைக் வாங்கினால் கிளட்ச் பழக நாலு நாள் கேட்பான். அவனை யாரும் வயசாச்சு என்பதில்லை.

நமக்கும் ஒரு வாரம் கொடுப்போமே.